சுவருக்கு எதிர்க் கட்டில்

மார்ச் 4

தம்பிக்கு,

இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால், நலம் விசாரிக்க இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நுரையீரல். குளிர்காலத்தில் வெறும் இருமலாக ஆரம்பித்தது. இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் பாதி வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். அத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூடவே இருங்கம்மா, எங்கயும் போயிடாதீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கடையில் லீவு சொல்லிவிட்டு இங்கேயே கிடக்கிறேன்.

மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். காற்று வேண்டும் என்பதால் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினோம். ஜன்னலைத் திறந்தால் கீழே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கின் நீளமான சுவர். போன மாதக் கடைசியில் அந்தச் சுவரில் யாரோ வெள்ளையடித்து, ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்: "நீ செத்தால் எங்கே போவாய்?" கீழே நெருப்பு வேறு. நெருப்பு நன்றாகத்தான் வந்திருக்கிறது.

யாரோ என்றுதான் நான் நினைத்தேன். அவர்தான் கண்டுபிடித்தார். "ஏய், இது நம்ம பையன் கையெழுத்து. கடைசி எழுத்தோட வாலை எப்படித் தூக்கி விட்டிருக்கான் பாரு" என்றார். உன் முதல் வேலையே அவர் பஸ்ஸுக்கு ஊர்ப் பலகை எழுதியதுதானே. அந்த வாலை அவர் மறப்பாரா?

சிரிக்கவும் செய்தார். "இத்தனை வருஷமா 'எங்க போகுது, எங்க போகுது'ன்னு ஜனங்க கேட்டாங்க. இப்ப சுவரும் கேக்குது" என்றார். சிரித்த பிறகு வந்த இருமல் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து அவர் அந்தச் சுவரைப் பார்க்காத நாள் இல்லை. திரையை இழுத்தால் மூச்சு முட்டுகிறது. திறந்தால் உன் கேள்வி.

அந்தச் சுவரை அழி. நீ வர வேண்டாம். போனும் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன், வார்டில் சத்தம் போடக் கூடாது.

அக்கா

மார்ச் 9

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். கையில் பிரஷ் இருந்தது, அதைக் கழுவக்கூட மறந்துபோய்க் காய்ந்துவிட்டது. அத்தான் படுத்திருக்கிறார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அந்தச் சுவரை எழுதியது நான்தான். எங்கள் சபையார் அந்த நகரத்தில் சில சுவர்களுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள் என்பதால் அந்தக் கிடங்குச் சுவரைத் தேர்ந்தெடுத்தோம். எதிர்ப்பக்கம் அத்தான் படுத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

ஆனாலும் அக்கா, கோபப்படாமல் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய நகரத்தில், இத்தனை ஜன்னல்களில், அந்த ஜன்னலுக்கு எதிரே என் கையாலேயே அந்தக் கேள்வி எழுதப்பட்டிருக்கிறது. இது தற்செயலா? அந்த வாக்கியம் உறுத்துகிறது என்றால், உறுத்துவதற்காகத்தான் எழுதினோம். வீடு பற்றி எரியும்போது உள்ளே தூங்குகிறவரை மெதுவாகவா எழுப்புவார்கள்? அத்தான் நல்லவர், எனக்குத் தெரியாதா? ஆனால் நல்லவர் என்பது மட்டும் போதாது என்பதைத்தான் அன்றைக்கு உங்கள் வீட்டிலும் சொன்னேன். ராத்திரியில் அவர் முகம் கண் முன்னால் வருகிறது. அவருடைய ஆத்துமாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா?

சுவரை அழிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அது சபையின் ஊழியம், மூப்பரைக் கேட்க வேண்டும். என்னை ஒரே ஒரு முறை அத்தானோடு பேச விடுங்கள். பத்து நிமிஷம் போதும். இத்துடன் எங்கள் சபை அச்சிட்டுக் கொடுக்கிற ஒரு கைப்பிரதி வைத்திருக்கிறேன். அவர் விழித்திருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள்.

ஜெபத்தில் நினைக்கும்,
தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

உன் கைப்பிரதியை இதிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதன் அட்டையிலும் நெருப்பு. உங்கள் ஆட்களுக்கு வேறு படமே கிடைக்காதா?

வீடு எரிகிறது என்கிறாய். எரிகிற வீட்டுக்கு வருகிறவன் தண்ணீர் கொண்டு வருவான். நீ நெருப்பையல்லவா வரைந்துவிட்டுப் போயிருக்கிறாய்?

அன்றைக்கு எங்கள் வீட்டில் சொன்னாயாம். சொன்னதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாய், செய்ததை மறந்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு ஓய்வு நாள். நீ வருகிறாய் என்று காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்து, என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடாமல் அவரே வறுத்தார். உன் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார். நீ என்ன செய்தாய்? "குடிக்கிறவர் கையால சாப்பிட மாட்டேன், முதல்ல மனம் திரும்புங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். கையில் கரண்டியோடு அவர் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நீ கும்பிடுகிறவர் யார் யார் வீட்டிலெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எனக்குக் கதை கதையாகச் சொன்னவனே நீதானடா.

போகட்டும். அதற்காக இந்தக் கடிதம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு தச்சர். வயிற்றில் கட்டி. உங்கள் ஆள்தான், பிறந்ததிலிருந்தே. தலையணைக்கு அடியில் வேதம், காலையும் மாலையும் முணுமுணுவென்று ஜெபம். எங்களுக்கும் சேர்த்து ஜெபிப்பார். வந்த புதிதில் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை, நர்ஸ்களையெல்லாம் கேலி செய்துகொண்டு கிடப்பார். உன் சுவர் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. பிறகு சுவர் கண்ணில் படாதபடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே படுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் படுத்தால்தான் வலி குறையும் அவருக்கு. ஆனாலும் திரும்பவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, ஒண்ணு கேக்கணும். வாலிபத்துல நான் நிறைய தப்பு பண்ணியிருக்கேன். மன்னிப்பும் கேட்டுட்டேன். ஆனா அந்தச் சுவரைப் படிச்சதிலிருந்து எனக்குச் சந்தேகமா இருக்கு. ஆண்டவர் என்னைச் சேர்த்துக்குவாரா?" என்று கேட்டார்.

என்னிடம் போய் கேட்கிறார்! எனக்கு என்னடா தெரியும்? உன் வேதமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "சேர்த்துக்குவார் ஐயா, கண்டிப்பா சேர்த்துக்குவார்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை போய்விட்டார்.

நான் சொன்னது உண்மையா, பொய்யா? நீதான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே, சொல்லு. நான் பொய் சொல்லி அனுப்பியிருந்தால் அந்தப் பாவத்தையும் என் கணக்கில் எழுதிக்கொள். ஆனால் உங்கள் ஆள் ஒருவரின் கடைசி நாட்களில் இருந்த நிம்மதியை உன் சுவர் பிடுங்கிக்கொண்டது. அதை யார் கணக்கில் எழுதுவது?

அக்கா

மார்ச் 21

தம்பிக்கு,

நேற்று மத்தியானம் துணி துவைக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் உன் அத்தான் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பத்து நாள் தாடியைக் காணோம். "யாரு பண்ணிவிட்டது?" என்றால், "ஆஸ்பத்திரியில புதுசா ஆள் வச்சிருக்காங்க" என்கிறார். இங்கே நாலு தடவை கூப்பிட்டால்தான் தண்ணீரே வரும். முகச்சவரத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்களாம்!

காதோரம் பார்த்தேன். கிருதா இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே மட்டம். இவ்வளவு நேராகக் கோடு போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவன்தான் இருக்கிறான். வராதே என்று நான் எழுதியும் வந்திருக்கிறான்.

இன்று காலை ஜன்னலைத் திறந்தேன். சுவர் வெறும் வெள்ளையாக இருக்கிறது.

அவரிடம் என்ன சொன்னாய்? மூன்று தடவை கேட்டுவிட்டேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். பயமுறுத்தும்படி ஏதாவது சொல்லியிருந்தால், தம்பி, இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் நான் விழிக்க மாட்டேன். உள்ளதை உள்ளபடி எழுது.

அக்கா

மார்ச் 25

அக்கா,

உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

தச்சரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என்னால் பிரஷைத் தொட முடியவில்லை. புறப்பட்டு வந்துவிட்டேன். முதலில் அந்த ரோட்டில்தான் போய் நின்றேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி முடித்ததும் எதிர்ப் பக்கம் போய் நின்று, தூரத்திலிருந்து எழுத்து எடுப்பாகத் தெரிகிறதா என்று பார்ப்போம். இந்தச் சுவருக்கும் பார்த்தேன். நடந்து போகிறவனுக்குத் தெரிகிறதா, பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டு பார்த்திருக்கிறேன் அக்கா. எனக்குப் பின்னால் மூன்று மாடி முழுக்க ஜன்னல்கள். ஒரு தடவைகூடத் திரும்பி மேலே பார்க்கத் தோன்றவில்லை.

மேலே வந்தேன். பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு போட்டு யாரோ ஒரு பையன் படுத்திருந்தான். அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு இளைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கட்டிலில் அவர் தலைமாட்டருகே உட்கார்ந்து, அவர் பார்க்கிற மாதிரியே வெளியே பார்த்தேன். என் எழுத்தை முதல்முதலாக அங்கேயிருந்துதான் படித்தேன். அது கேள்வியாகவே இல்லை அக்கா. தீர்ப்பு மாதிரி இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அது வேத வசனம் இல்லை. கமிட்டியில் உட்கார்ந்து யோசித்தபோது நான் சொன்ன வாக்கியம். "பஞ்ச் இருக்கு" என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அத்தான் கண் விழித்தார். பத்து நிமிஷத்துக்கு என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். ஆனால் முதலில் பேசியது அவர்தான். "வந்துட்டியா? சரி, இந்தத் தாடி அரிக்குது. உங்க அக்கா பண்ணிவிட்டா கழுத்தையே அறுத்துடுவா. நீ பண்ணு" என்றார். செய்தேன்.

பாதிக் கன்னத்தில் சோப்போடு கேட்டார்: "எழுதினதுதான் எழுதினே. எங்க போவேன்னு மிரட்டுறதுக்குப் பதிலா, உங்க ஆளு எப்படிப்பட்டவர்னு ஒரு வரி எழுதியிருக்கலாமேடா?"

அவருக்கு ஒரே ஒரு சம்பவத்தைச் சொன்னேன். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில், கூடவே இருந்த நெருங்கிய சீஷன், "அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்று சத்தியம் பண்ணிவிட்டான். மரித்து உயிர்த்தெழுந்த பிறகு இயேசு அவனைத் தேடி வந்தார். அவனும் மற்ற சீஷர்களும் ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் இருக்கிறார்கள். விடியும்போது பார்த்தால், கரையில் அவரே அடுப்பு மூட்டி, மீன் சுட்டு, ரொட்டியும் வைத்துக்கொண்டு அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்புறம் திட்டினாரா?" என்றார்.

"இல்ல அத்தான்."

"ஒரு வார்த்தைகூடவா? ஏன்டா அப்படிச் சொன்னேன்னு கேக்கலையா?"

"கேக்கல. 'என்மேல பிரியமா இருக்கியா'ன்னு மட்டும் கேட்டார்."

"சாப்பிடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சாப்பிட்ட பிறகு."

அப்புறம் சொன்னார்: "நல்ல மனுஷன். நானும் அன்னிக்கு மீன் வறுத்தேன். நீதான் எழுந்து போயிட்டே."

அக்கா, அந்தச் சம்பவத்தைக் கூட்டங்களில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தச் சீஷனுடைய இடத்தில் அத்தானைப் போன்றவர்களை வைத்துத்தான் எப்போதும் சொல்லுவேன். அன்றைக்கு அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். மீன் வறுத்தவர் சோப்பு நுரையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "சீ, எழுந்திரு, பாதிக் கன்னம் பாக்கி இருக்கு" என்றார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். "உங்க அக்கா கேட்டா ஊரையே கூட்டிடுவா" என்றார்.

சாயங்காலமே சுண்ணாம்பு வாங்கி, இரண்டு பூச்சு அடித்தேன். நெருப்பு லேசில் மறையவில்லை, மூன்றாவது பூச்சும் தேவைப்பட்டது. மூப்பரை நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவரே என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார். அழித்தது ஏன் என்று உள்ளதைச் சொன்னேன். சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். இனி சுவர் ஊழியத்தில் நான் இல்லை. ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவரே மெதுவாக, "உங்க அத்தான் பேரை ஜெபத்துல சொல்லலாமா?" என்று கேட்டார்.

கடைசியாக உங்கள் கேள்விக்கு. நீங்கள் தச்சரிடம் சொன்னது உண்மை அக்கா. சத்தியமாக உண்மை. நான் சொல்லியிருக்க வேண்டியதை, நம்பிக்கை இல்லாத நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுபடி வரலாமா? வந்தால் பிரசங்கம் செய்ய மாட்டேன். நகம் வெட்டிவிடுவேன்.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

வரலாம் என்று அவர் சொல்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை. நீ வருகிறபோது நான் துணி துவைக்கப் போயிருப்பேன்.

பழைய ரேசர் மழுங்கிவிட்டது. புதிதாக வாங்கி வா.

அக்கா

ஏப்ரல் 19

தம்பிக்கு,

எல்லோரும் போய்விட்டார்கள். வீடு அமைதியாக இருக்கிறது. பேச நினைத்தால் பேச்சு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அடக்கத்தன்று உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ உள்ளே வராமல் கேட்டருகிலேயே நின்றாய். அவரோடு வேலை பார்த்த டிரைவர்கள் வந்தபோது நாற்காலி தூக்கிப் போட்டாய், தண்ணீர் கொடுத்தாய். அத்தனை பேர் கூடியிருந்தும் நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை. எப்போது ஆரம்பிப்பாயோ என்று எனக்குப் பக்கென்றுதான் இருந்தது. கடைசியில் எச்சில் டம்ளர்களைக் கழுவிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாய்.

போவதற்கு முதல் நாள் அவர் தெளிவாக இருந்தார். ஜன்னலை நன்றாகத் திறக்கச் சொன்னார். அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனசு கேட்காமல், "பயமா இருக்குதாங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

"கடைசி டிரிப்புல ஏறுறவங்களைப் பாத்திருக்கேன். புதுசா வர்றவன்தான் எங்க போகுதுன்னு பத்துத் தடவை கேப்பான். தினமும் வர்றவன் டிரைவர் மூஞ்சியை ஒரு பார்வை பார்ப்பான். தெரிஞ்ச மூஞ்சின்னா ஏறி உக்காந்து தூங்கிடுவான். தம்பி ஒருத்தரைப் பத்திச் சொன்னான். எனக்கென்னவோ அவர் தெரிஞ்ச மூஞ்சியாத்தான் இருக்கார்."

அவர் உங்கள் ஆளாகிவிட்டாரா என்று என்னைக் கேட்காதே. உங்கள் சபையில் அதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் கழித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர்த்துக்குவாரில்ல?" என்று அவரும் கேட்டார். தச்சரிடம் சொன்னதையே சொன்னேன். தச்சரிடம் சொன்னபோது தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்தத் தடவை அடிக்கவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. அதைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நான் கேட்கிறபோது சொன்னால் போதும்.

உன்மேல் எனக்கிருந்த கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் அவருக்கு இல்லாத கோபத்தை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மீன் வறுக்கப் போகிறேன். அவர் பக்குவம் எனக்கு வராது, கருகினாலும் கருகும். பெரிய துண்டு உனக்கு. சாப்பிட்டுவிட்டு வந்துவிடாதே.

அக்கா